மலையேற்றும் அடி

குருவம்மாள் களத்தில் மிளகாய்ப் பழத்தைக் காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் சாமி கூப்பிடுகிற மிஷின் ஊருக்குள் வந்தது. காரியாபட்டியிலிருந்து லோடு வண்டியில் ஏற்றி, தார்ப்பாய் மூடி, கயிறு போட்டு இறுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் அவள் மகன் ஜெகதீஸ்வரன் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். காரியாபட்டியில் மைக்செட், சீரியல் லைட், எல்.இ.டி. திரை என்று வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறான். கையில் நாலு காசும் வாயில் நாலு வார்த்தையும் சேர்ந்துவிட்டதால் ஊர்க் கமிட்டியிலும் இப்போது அவன் பேச்சுதான் எடுபடுகிறது.

"என்னலே இது? பாடை கட்டுற மாதிரி கட்டிக் கொண்டாந்திருக்க."

"நல்ல வார்த்தையே வராதாம்மா ஒனக்கு? உறுமி செட்டு. எட்டாள் மேளம் இந்த வண்டிக்குள்ள இருக்கு. சோறு கேக்காது, மரியாத கேக்காது, குடிச்சிட்டு வேலிக்குள்ள விழுந்து கெடக்காது."

"உறுமி அடிக்கிற பால்ச்சாமி என்னைக்குலே குடிச்சிட்டு வேலிக்குள்ள கெடந்தான்?"

அவன் பேச்சை மிஷினுக்குத் திருப்பினான். களத்தில் ஏறாமல் ஓரமாகவே நின்று விளக்கினான். வெயிலில் மிளகாய் நெடி அவனுக்கு இருமலைக் கிளப்பியது.

"ரெக்கார்டு போடுறதுன்னு நெனச்சுக்கிராத. மதுரையில ஒரு கம்பெனிக்காரங்க சுத்துப்பட்டு மேளக்காரங்க அம்புட்டுப் பேரையும் கூப்பிட்டுப் பதிஞ்சிருக்காங்க. அதக் கேட்டுக் கேட்டு அதுவா அடிக்கப் படிச்சுக்கிருச்சு. ரெண்டு மைக்க சனத்தப் பாத்து வச்சிருவோம். சனம் போடுற சத்தத்த அது கேக்கும். குலவ கூடக் கூட அடியும் கூடும். திரையில எட்டுப் பேரு நின்னு அடிப்பாங்க, நேர்ல நிக்கிறவன் தோத்தான். பால்ச்சாமி அடியும் அதுக்குள்ள இருக்கும்மா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவரும்தான் போயிப் பதிஞ்சு குடுத்துட்டு வந்தாரு."

"அது சரி. எப்ப நிப்பாட்டணும்னு அதுக்குத் தெரியுமா?"

"பொத்தான அமுக்குனா நின்னுரும்."

குருவம்மாள் மறுபடி மிளகாய்க்குள் காலை விட்டாள். அவள் கேட்டது பொத்தானைப் பற்றி இல்லை. அதை எப்படி அவனிடம் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் புருசன் சங்கையா அந்த ஊர்க் கருப்பனுக்கு இருபத்திரண்டு வருசமாகச் சாமியாடி. பங்குனிப் பொங்கல் அன்று உச்சி வேளையில் அவர் மேல்தான் கருப்பன் இறங்குவான். மூன்று வருசத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை மதுரைக்குக் கொண்டுபோய், ரத்தக் குழாய்க்குள் வலை வைத்துக் கூட்டிவந்தார்கள். மாடிப்படி ஏறினாலே பார்த்து ஏறணும் என்றார் டாக்டர். சாமியாடலாமா என்று கேட்டால் கோபப்படுவார் என்று யாரும் கேட்கவில்லை. 'கருப்பனுக்குத் தெரியாதா, யார் நெஞ்சு எம்புட்டுத் தாங்கும்னு' என்று சொல்லிவிட்டார் சங்கையா.

கருப்பனுக்குத் தெரியுமோ தெரியாதோ, உறுமி அடிக்கிற பால்ச்சாமிக்குத் தெரிந்திருந்தது. அடுத்து வந்த பொங்கலுக்கு முதல் நாள் குருவம்மாள் ஓடைப்பாலத்தில் அவரை வழிமறித்து விசயத்தைச் சொன்னாள். "பயப்படாதீக தாயி. நான் சாமியப் பாக்க மாட்டேன், ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கிருப்பேன். போதும்னு தோணுச்சுன்னா முந்தானைய இழுத்துச் செருகுங்க" என்றார். இரண்டு வருசம் அப்படித்தான் நடந்தது. ஊரே சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும். பால்ச்சாமி மட்டும் கூட்டத்தில் குருவம்மாளைத் தேடிப் பார்த்துக்கொண்டே அடிப்பார். அவள் முந்தானையைச் செருகியதும் அடி மாறும். குச்சியைத் தோலில் வைத்துத் தேய்க்கிற சத்தம் தணியும். கால் மணி நேரத்தில் கருப்பன் அவர் உடம்பை விட்டு மலையேறிவிடுவான். இந்த ஒப்பந்தம் சங்கையாவுக்கே தெரியாது.

போன வருசம்தான் எல்லாம் கெட்டது. பொங்கல் முடிந்ததும் மேளக்காரருக்கு வேட்டி துண்டு வைப்பது வழக்கம். வைப்பது என்றால் தரையில்தான். குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பால்ச்சாமியின் மகன் ராஜபாண்டி சென்னைப் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்ப்பவன், லீவில் வந்திருந்தான். அவன் முன்னால் வந்து, "எங்கப்பா கையில குடுங்க" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. பெரியவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். துண்டு தரையிலேயே கிடந்தது. பால்ச்சாமி அதை எடுக்காமல் உறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். குருவம்மாள் நாலடி தள்ளித்தான் நின்றாள். அந்தத் துண்டை எடுத்து அவர் கையில் கொடுக்க ஒரு நிமிசம் ஆகியிருக்காது. அவள் செய்யவில்லை.

அதனால் இந்த வருசம் மிஷின் வந்தது.

செவ்வாய்க்கிழமை உச்சி. கருப்பன் பொட்டலில் நிழல் என்று சொல்ல இரண்டு உடைமரம். அதற்கு அடியில் பொங்கல் பானைகள். கோயிலுக்கு எதிரே ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே திரையை நிறுத்தி, இரண்டு பக்கமும் பீரோ பீரோவாக ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அந்த வெயிலிலும் திரை பளீரென்று தெரிந்தது. எட்டுப் பேர் வெள்ளை வேட்டி கட்டி, சந்தனம் பூசி, ஒரே உயரத்தில் நின்றார்கள். ஒருத்தர் முகத்திலும் வேர்வை இல்லை. வந்த சனமெல்லாம் முதலில் திரையைத்தான் கும்பிட்டது, பிறகுதான் கருப்பனை.

சங்கையா ஏழு நாள் ஒருவேளைச் சோறு உண்டு விரதம் இருந்தவர். கச்சை கட்டி, சலங்கை கட்டி, அரிவாளோடு வந்து நின்றார். முதல் குலவை சாமியாடி பெண்டாட்டி போட வேண்டும், அது முறை. குருவம்மாள் நாக்கை மடித்துக் குலவை போட்டாள். அது முடிவதற்குள் பெட்டிகள் உறுமின. தரை அதிர்ந்தது. அடி என்னவோ நல்ல அடிதான், பொய் சொல்லக் கூடாது. பால்ச்சாமியின் தேய்ப்பு அதில் இருந்தது. அவருடைய அப்பனின் தேய்ப்புகூட இருந்தது போல அவளுக்குப் பட்டது. சங்கையாவின் தோள் குலுங்கியது. வழக்கமாகப் பத்து நிமிசம் பிடிக்கிற கருப்பன் இரண்டே நிமிசத்தில் வந்து இறங்கினான்.

"பாத்தியாம்மா?" என்றான் ஜெகதீஸ்வரன், கம்ப்யூட்டர் முன்னால் இருந்து. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

கூட்டம் குலவை போட்டது. அடி கூடியது. அடி கூடவும் சாமி எகிறிக் குதித்தது. சாமி குதிக்கவும் கூட்டம் இன்னும் கத்தியது. குருவம்மாள் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். சங்கையாவின் உதடு வெளுத்து வந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

செருகிவிட்டுத்தான் யாரைப் பார்ப்பது என்று தேடினாள். திரையில் இருந்த எட்டுப் பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடதுபக்கம் நகர்ந்தாள், அப்போதும் அவளைத்தான் பார்த்தார்கள். சிரித்த முகம் சிரித்தபடி இருந்தது. அவள் மகனிடம் ஓடினாள்.

"ஏலே, எறக்குலே. அப்பா தாங்க மாட்டாரு."

ஜெகதீஸ்வரன் எதையோ தள்ளிக் குறைத்தான். அடி தணிந்தது. அதற்குள் சங்கையா தள்ளாடியதைப் பார்த்த பொம்பளைகள், "அய்யா, அய்யோ, தண்ணி கொண்டாங்க" என்று கத்தினார்கள். மைக் அந்தக் கத்தலையும் கேட்டது. அதற்குக் குலவையும் ஒன்றுதான், கூப்பாடும் ஒன்றுதான். அடி முன்னைவிட வேகமாக ஏறியது. பயந்துபோய் இன்னும் கத்தினார்கள். அதற்கும் சேர்த்து ஏறியது.

"நிப்பாட்டுலே."

"நிப்பாட்டாதப்பா" என்று பெரியவர் ஒருத்தர் அவன் கையைப் பிடித்தார். "சாமி நிக்கும்போது மேளத்த அறுத்தா உசுருக்கு ஆகாது. மலையேத்துற அடியப் போடு."

அவன் தேடினான். கம்ப்யூட்டர் திரையில் என்னென்னவோ பேர்கள் வந்தன. அழைப்பு அடி இருந்தது, ஆட்ட அடி இருந்தது, வேட்டை அடி இருந்தது. மலையேற்றும் அடி இல்லை. மறுபடி மறுபடி தேடிக்கொண்டே இருந்தான். சாமி வந்து முக்கால் மணி நேரம் ஆன பிறகு, வேறு வழி இல்லாமல் அவனே ஓடிப்போய் ஜெனரேட்டர் வயரைப் பிடுங்கினான்.

சத்தம் நின்றது. பொட்டலில் காற்றுகூட இல்லை. சங்கையா விழுவார் என்று நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் விழவில்லை. அரிவாளோடு அப்படியே நின்றார். கண் மூடவில்லை. சலங்கை கட்டிய வலது கால் மட்டும் அந்த அடியைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தது.

மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வலை அடைக்கவில்லை, நெஞ்சு இப்போதைக்கு ஓடுகிறது, ஆனால் இப்படியே தூங்காமல் இருந்தால் தாங்காது என்றார்கள். தூக்கத்துக்கு ஊசி போட்டார்கள். கண் மூடியது, கால் நிற்கவில்லை. மூளைக்குப் படம் எடுத்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, வேறு டாக்டருக்குச் சீட்டு எழுதித் தந்தார்கள். இடையில் வீட்டுக்குக் கொண்டுவந்தால் கட்டிலில் உட்கார மறுத்தார். வாசலில் போட்டிருந்த தகரக் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் என்றால் உயிரை விடுகிற மனுசன். குருவம்மாள் பிசைந்து வாயருகே கொண்டுபோனாள். யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார்.

முப்பது வருசம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தப் பார்வை போதும். வெள்ளிக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடை தாண்டிக் காலனிக்குப் போனாள்.

பால்ச்சாமி அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன். சிப்டு முடிந்து அப்போதுதான் வந்து, காக்கிச் சட்டையோடு கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி வெள்ளைத்தாய் பள்ளிக்கூடச் சத்துணவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் குருவம்மாளின் காட்டில் மிளகாய் பறித்தவள்தான். வாசலில் நிற்பவளைப் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

"உக்காருங்க."

குருவம்மாள் உட்கார்ந்தாள். அந்த வீட்டு நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"கேள்விப்பட்டோம்" என்றாள் வெள்ளைத்தாய். "சாப்பிடுறாகளா?"

"பச்சத் தண்ணி எறங்கல. நாலு நாளாச்சு."

"எங்க மவன் என்ன பெருசாக் கேட்டுட்டான்? தரையில வைக்காதீக, கையில குடுங்கன்னான். நீங்களும் அங்கனதான நின்னீக. ஒரு வார்த்த சொல்லலையே."

"சொல்லல."

"ஏன் சொல்லல?"

"பயந்தான். ஊரு என்ன பேசும்னு. வேற என்னத்தச் சொல்ல வெள்ளத்தாயி, பொய் சொல்லவா நான் வந்திருக்கேன்."

பால்ச்சாமி கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவினார். நிதானமான ஆள். பேசும்போதும் தாளம் பார்த்துத்தான் பேசுவார்.

"அந்த மிஷினுல மலையேத்துற அடி இருக்காது தாயி. நாங்க யாரும் குடுக்கல. ஸ்டூடியோவுல அந்தக் கண்ணாடி போட்ட பையன் கேட்டான். சாமி இல்லாத எடத்துல அத அடிக்கக் கூடாது தம்பின்னுட்டேன். திருச்சுழிக்காரங்களும் அப்படித்தான் சொல்லிட்டு வந்தாங்களாம். வீரசோழன் பக்கத்து ஆளுகளும் அப்படித்தான். எந்த மேளக்காரனும் குடுத்திருக்க மாட்டான். அவனும் பெருசா எடுத்துக்கிரல. ஏத்துறது இருந்தாப் போதும்னு நெனச்சிருப்பான்."

"இப்ப நீ வந்து அடிண்ணே."

"அடிச்சா மட்டும் போகாது. மலையேறும்போது சாமி மூணு கேள்வி கேக்கும். மேளச் சத்தத்துல ஒங்களுக்குக் கேட்டிருக்காது, மேளக்காரனுக்கு மட்டும் கேக்கும். யாரு கூப்பிட்டது, எதுக்குக் கூப்பிட்ட, இனி யாரு கூப்பிடுவா. நான் கூப்பிட்டேன் அய்யா, மழ பேஞ்சு மண்ணு வெளையக் கூப்பிட்டேன், வாற வருசமும் நானே கூப்பிடுறேன்னு சொல்லணும். சொல்லிச் சொல்லி அடிக்கிறதுதான் மலையேத்துற அடி. வெறும் பெட்டிகிட்டக் கேட்டா அது என்ன சொல்லும்?"

"வந்து நீ சொல்லு. ஒன் காலப் பிடிக்கிறேன்."

"நான் கூப்பிடலையே தாயி. கூப்பிடாம நாந்தான்னு எப்படிச் சொல்ல? அது கருப்பனான்னே எனக்குத் தெரியல. கூப்பிட்டது எதுன்னு தெரியாம வந்து நிக்கிறது எதுன்னு யாரு சொல்ல முடியும்?"

குருவம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வெள்ளைத்தாய் உள்ளே போய் ஆணியில் தொங்கிய உறுமியை எடுத்துவந்து புருசனிடம் நீட்டினாள்.

"போய்ட்டு வாங்க. நாலு நாளா ஒரு மனுசன் நிக்கிறாரு. ஊருக்காகவா போறீக?"

பால்ச்சாமி காக்கிச் சட்டையை மாற்றாமலேயே கிளம்பினார்.

வீட்டு வாசலில் ஜெகதீஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பால்ச்சாமியைக் கண்டதும் எழுந்தான். வழி விட்டு ஓரமாக நின்றான். சங்கையா கொட்டகைக் காலைப் பிடித்து நின்றார். பாதம் வீங்கி, சலங்கை தோலுக்குள் அமுங்கியிருந்தது. அதைக் கழற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. கால் அடித்துக்கொண்டே இருந்தது.

பால்ச்சாமி முதலில் அந்தக் காலின் அடியையே பிடித்து உறுமியில் போட்டார். கொஞ்ச தூரம் அதோடு கூடவே போனார். பிறகு கைக்குத் தெரியாமல் கை தணிந்தது. குச்சி தோலில் உரசுகிற சத்தம், தூரத்தில் வண்டி போகிற சத்தம் போல ஆனது. சங்கையாவின் கால் அவர் கையைப் பின்தொடர்ந்து மெதுவானது. தலை நிமிர்ந்தது. நாலு நாளாகத் திறக்காத வாய் திறந்தது. அது அவர் குரலும் இல்லை, வருசா வருசம் வருகிற கருப்பன் குரலும் இல்லை.

"யாரு கூப்பிட்டது?"

பால்ச்சாமி ஜெகதீஸ்வரனைப் பார்த்தார். அவன் இரண்டடி பின்னால் போனான். "கம்பெனிக்காரங்க..." என்று முனங்கினான். சங்கையா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"யாரு கூப்பிட்டது?"

"நாந்தான்" என்றாள் குருவம்மாள். "மொதக் குலவ நாந்தான் போட்டேன். என் சத்தத்துலதான் அது ஏறுச்சு. நாந்தான் அய்யா கூப்பிட்டேன்."

சங்கையாவின் கண் அவள் பக்கம் வந்தது. பால்ச்சாமி அடியை விடாமல் தேய்த்தார்.

"எதுக்குக் கூப்பிட்ட?"

மழை பெய்ய, மண் விளைய என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வரவில்லை. அந்தக் கண் முன்னால் அதைச் சொல்ல நாக்குக் கூசியது.

"இவரு கையில ஒரு துண்டக் குடுக்க மனசு வரல அய்யா. அதுக்குத்தான் கூப்பிட்டோம்."

பால்ச்சாமியின் கை ஒரு அடி தவறியது. முப்பது வருசத்தில் அவர் கை தவறி அவள் பார்த்ததில்லை. உடனே பிடித்துக்கொண்டார். சங்கையா மூச்சை இழுத்து விட்டார். சலங்கைக் கால் இன்னும் மெதுவானது.

"இனி யாரு கூப்பிடுவா?"

குருவம்மாள் பால்ச்சாமியைப் பார்த்தாள். வருசா வருசம் அவர் சொல்கிற பதில் அது. நானே கூப்பிடுவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஜெகதீஸ்வரனும் அவரைத்தான் பார்த்தான். பால்ச்சாமி யாரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நாலைந்து அடி சும்மா தேய்த்தார். நெற்றியில் இருந்து வேர்வை தோலில் சொட்டியது.

"யாரும் கூப்பிட மாட்டாக அய்யா" என்றார். "நீங்க போங்க."

கால் நின்றது. சங்கையா கொட்டகைக் காலில் இருந்து சரிந்தார். பால்ச்சாமி உறுமியைக் கீழே போட்டுவிட்டு அவரை இரண்டு கையாலும் தாங்கித் தரையில் படுக்க வைத்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஓடுகிறது என்று தலையாட்டினார். ஜெகதீஸ்வரன் சின்னப் பிள்ளை போலத் தேம்பினான். குருவம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தாள்.

பொழுது நல்லா ஏறிய பிறகு சங்கையா கண் விழித்தார். பெண்டாட்டியை அடையாளம் தெரிந்தது. சொம்பைக் கையில் வாங்கி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, பொங்கல் அன்றைய நினைப்பிலேயே, வருசா வருசம் கேட்பதைக் கேட்டார்.

"குருவு, சாமி நல்லா வந்துச்சா?"

பால்ச்சாமி உறுமியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மொதல்ல தண்ணியக் குடிங்க" என்றாள் குருவம்மாள்.